கார்னவாலே போட்டிருந்த சட்டை

எங்க வீட்டுக்காரர் உடுத்திய துணியை நான் யாருக்கும் அப்படியே தூக்கிக் கொடுத்ததில்லை. கொடுப்பதாக இருந்தால் துவைத்து, அலசி, காயவைத்து, மடித்துத்தான் கொடுப்பேன். வியர்வை பட்ட துணி வெளியே போனால் அதை வைத்து யார் என்ன செய்வார்களோ என்பது எங்கள் பக்கத்துப் பயம். படித்தவர்கள் சிரிப்பார்கள். நான் பத்தாவதோடு நின்றவள், சிரித்தால் சிரிக்கட்டும். அப்படிப்பட்ட நான்தான் நியூ ஜெர்சியில் ஒரு மாசி மாதம் அவருடைய சட்டையை என் கையாலேயே மடித்துக் கொடுத்தேன். மறுநாளே, நாற்பது பேர் பார்க்க, அதைத் திரும்பப் பிடுங்கினேன். பிடுங்கினது பாவமா இல்லையா என்று சாமி முன்னால் நிற்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் குடியிருந்தது ஐசலின் ஓக் ட்ரீ ரோட்டிலிருந்து காரில் பத்து நிமிஷம். பலகை வீடு. மேலே நாங்கள், கீழே வீட்டுக்குச் சொந்தக்காரர்கள், வயசான புருஷன் பெண்டாட்டி. இத்தாலியில் ஒரு மலை மேல் இருக்கிற சின்ன ஊரிலிருந்து வந்தவர்கள். அங்கிள் கொத்து வேலைக்காரர். கல் அறுத்து, சிமெண்ட் பூசி, ஆயுசு பூரா உழைத்து ஓய்ந்தவர். அவர்கள் ஹாலில் அந்த ஊர் போட்டோ ஒன்று மாட்டியிருக்கும். பாறையில் குளவி கூடு கட்டின மாதிரி வீட்டுக்கு மேல் வீடு. தெரு என்று ஒன்றும் கிடையாது, எல்லாம் படிக்கட்டுத்தான்.

"இதுல கார் எப்படிங்க போகும்?" என்று கேட்டேன்.

"கழுதையே ரெண்டு தடவை யோசிச்சுத்தான் போகும், சின்யோரா" என்றார்.

சின்யோரா என்றால் அவர்கள் பாஷையில் 'அம்மா' என்கிற மாதிரி மரியாதையாம். எங்க வீட்டுக்காரரை 'எஞ்சினியர்' என்பார். அவருக்கும் இங்கிலீஷ் அரைகுறை, எனக்கும் அரைகுறை. அதனாலேயே நாங்கள் ரெண்டு பேரும் பேசிக்கொண்டால் எல்லாம் விளங்கும்.

நாங்கள் வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு புதன்கிழமை, ஆன்ட்டியும் அவரும் சர்ச்சிலிருந்து நெற்றியில் சாம்பலோடு வந்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம்ம திருநீறேதான். நான் என் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். அங்கிள் விழுந்து விழுந்து சிரித்தார்.

"எங்களுக்கு வருஷத்துல ஒரு புதன்கிழமை. உனக்குத் தினமும் புதன்கிழமையா? அப்போ நீ ரொம்பப் பாவம் பண்ணினவ!"

"நீங்க பண்ணினதையும் சேர்த்து நான் பூசிக்கிறேன், அங்கிள்" என்றேன். விளையாட்டுப் பேச்சுத்தான். பின்னால் அதை எத்தனை தரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது குளிர்காலம் எங்களுக்குச் சரியாக இல்லை. எங்க வீட்டுக்காரரைக் கூட்டி வந்த கம்பெனி, ஒரு புராஜெக்ட் முடிந்ததும் அவரை 'பெஞ்ச்'சில் உட்கார வைத்துவிட்டது. அடுத்த வேலை கிடைக்கும்வரை வீட்டில் காத்துக் கிடப்பதற்கு அந்தப் பேர். விசா கம்பெனி கையில் இருந்தது. சீக்கிரம் ஒன்று அமையாவிட்டால் மகளை ஸ்கூலிலிருந்து நிறுத்தி, மூட்டை கட்ட வேண்டியதுதான். அவர் தினமும் காலையில் ஷேவ் பண்ணி, நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போன் பக்கத்தில் உட்காருவார். இன்டர்வியூ எல்லாம் போனில்தான்.

"போன்ல சட்டை தெரியுமாங்க?"

"தெரியாது. ஆனா எனக்குத் தெரியுமல்ல, புள்ள."

தை போய் மாசி பிறந்தது. எல்லா இன்டர்வியூவும் அந்தச் சட்டையிலேயே போயிற்று. ஒன்றும் திகையவில்லை. இந்தச் சட்டைக்கு ராசியில்லை என்று எனக்குப் பட்டுவிட்டது.

மற்ற நேரத்தில் அவர் வாசலில் ஸ்னோ அள்ளுவார். அங்கிள் ஜன்னலைத் தூக்கிக் கத்துவார். "எஞ்சினியர்! உன் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டு அள்ளச் சொல்லேன்!"

"அது லீவுல இருக்கு, அங்கிள்."

"அப்போ நீயும் அதுவும் ஒண்ணுதான்!"

சொல்லிவிட்டு இருமுவார். அந்த இருமல் எங்கள் வீடு பூராவும் கேட்கும். எங்கள் சமையல்கட்டுத் தரையில், ஹீட்டர் காற்று வருவதற்குக் கம்பி வலை போட்ட ஓட்டை ஒன்று இருந்தது. கீழே பேசினால் மேலே கேட்கும். டிசம்பரிலிருந்தே விடிகாலையில் அந்த ஓட்டை வழியாக இருமல்தான் முதலில் வரும், அப்புறம்தான் சூடு வரும். இதை மறக்காமல் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆன்ட்டி படியேறி வந்தார். "பழைய சட்டை இருக்கா? ஆம்பளைச் சட்டை. செவ்வாய்க்கிழமை ஹாலுக்கு வேணும்" என்றார். ஹால் என்றால் அவர்கள் ஊர்க்காரர்கள் கூடுகிற இடம். அங்கேதான் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஏழைகளுக்குத் துணிமணி சேர்த்தார்கள், நானும் ஒரு போர்வை கொடுத்திருந்தேன். இதுவும் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. தானம் கொடுக்கிற துணி கிழிசலாக இருக்கக் கூடாது. அந்த நீலச் சட்டையை எடுத்தேன். ராசியில்லாதது போனால் போகட்டும், ஒரு ஏழை உடம்புக்காவது ஆகும். துவைத்து, இஸ்திரி போட்டு, திங்கட்கிழமை கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கிள்தான் கதவைத் திறந்தார்.

"எஞ்சினியர் சட்டையா?"

"ஆமாங்க."

"அவன் தினம் போடறானே, அதுவா?"

"அதேதானுங்க."

ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நம்ம ஊரில் தாம்பூலம் வாங்கிக்கொள்கிற மாதிரி. "நாளைக்கு நாலு மணிக்கு வா. பாப்பாவையும் கூட்டிட்டு வா. எங்க ஊர் திருவிழா" என்றார்.

செவ்வாய்க்கிழமை எங்க வீட்டுக்காரருக்குப் போன் இன்டர்வியூ இருந்ததால் அவர் வரவில்லை. ஏழு வயசு மகளைக் கூட்டிக்கொண்டு நான் ஆன்ட்டி காரில் போனேன். ஹாலுக்குப் பின்னால் பார்க்கிங் லாட். ஓரமெல்லாம் அழுக்கு ஸ்னோ குவித்திருந்தது. நாற்பது பேர் இருப்பார்கள், முக்கால்வாசி கிழவர்கள். அட்டையில் செய்த முகமூடி. சில பேர் கோட்டைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். இடுப்பில் மாட்டு மணி கட்டிக்கொண்டு குதித்தார்கள். ஒருத்தர் மாரில் மாட்டிக்கொள்கிற துருத்திப் பெட்டி, அக்கார்டியன், வாசித்தார். மேஜையில் இறைச்சியாக அடுக்கியிருந்தது. நாளையிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் விரதம், அதனால் இன்றைக்கே சாப்பிட்டுத் தீர்த்துவிட வேண்டுமாம். எனக்குச் செவ்வாய்க்கிழமை கவுச்சி ஆகாது. ஆன்ட்டி பன்றிக் கொழுப்பில் பொரித்ததில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, மைதா மாவை நாடா நாடாவாக வெட்டிப் பொரித்துச் சர்க்கரைத் தூள் தூவின பலகாரத்தை மட்டும் எனக்குத் தனித் தட்டில் எடுத்து வந்தார்.

"எப்பத் தொடங்குவாங்க?" என்றேன்.

"அவன் கீழேருந்து வரணும்" என்றார்.

அவர்கள் ஊரில் திருவிழாக் கடைசி நாளன்று ஒரு ஆளை மலையுச்சியிலிருந்து படி வழியாக இறக்கிக்கொண்டு வருவார்களாம். இந்த ஊர் தட்டையோ தட்டை. அங்கிள் விடவில்லை. படி இல்லாமல் திருவிழாவா என்று சண்டை போட்டு, ஹாலின் நிலவறையில் வைத்து, அதன் பதினோரு படி வழியாக மேலே தூக்கி வருகிற மாதிரி வைத்துவிட்டார். இறங்க வேண்டியவன் ஏறி வருகிறான் என்று ஊர்க்காரர்கள் கேலி பண்ணுவார்களாம்.

மணிச்சத்தம் பலமாயிற்று. நாலு பேர் ஒரு ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு மேலே வந்தார்கள். ஏணி மேல் வைக்கோல் அடைத்த ஒரு ஆள் மல்லாந்து படுத்திருந்தான். பின்னாலேயே கறுப்புப் பாவாடை, கறுப்பு முக்காடு, முகமெல்லாம் மாவு பூசின ஒரு பொம்பளை மாரில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டு வந்தாள். அழ அழக் கூட்டம் சிரித்தது. அது பொம்பளை இல்லை, எங்கள் கீழ் வீட்டு அங்கிள். வைக்கோல் ஆளுக்குப் பேர் கார்னவாலே. திருவிழாப் பேரும் அதுதான். இவர் அவனுடைய விதவை. ஆம்பளைதான் அந்த வேஷம் போட வேண்டும், போட்டவர் சிரிக்கக் கூடாது. பல வருஷமாக அவர்தானாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தியமாகச் சிரித்தேன். மழை பெய்யாத வருஷம் எங்கள் பக்கம் கொடும்பாவி கட்டி இழுப்பார்கள், பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டே பின்னால் போவார்கள், எல்லையில் கொளுத்துவார்கள். ஊர் பீடை போகும் என்பார்கள். இங்கேயும் அதுதானா, ஆண்டவன் எல்லாரையும் ஒரே மாதிரிதான் படைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகள் என் கையை இழுத்தாள். "அம்மா, வை இஸ் தட் கை வேரிங் அப்பாஸ் ஷர்ட்?"

பார்த்தேன். நீலக் கட்டம். நான் இஸ்திரி போட்ட மடிப்புக்கூடக் கலையவில்லை. மேல் பட்டன்வரைக்கும் போட்டிருந்தார்கள். கைப்பட்டையிலிருந்து வைக்கோல் விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

ஏணியை இறக்கி விறகுக் குவியல் மேல் வைத்தார்கள். ஒருத்தர் காகிதத்தைப் பிரித்து அவர்கள் பாஷையில் படித்தார். செத்தவனுடைய உயில் என்று ஆன்ட்டி என் காதில் சொன்னார். 'என் வயிற்றைக் கசாப்புக் கடைக்காரருக்கு எழுதி வைக்கிறேன், என் இருமலை டாக்டருக்கு எழுதி வைக்கிறேன்' என்று ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு. இன்னொருத்தர் மண்ணெண்ணெய் டப்பாவோடு நின்றுகொண்டிருந்தார்.

அதற்கப்புறம் எனக்குக் காது கேட்கவில்லை. உயிரோடு இருக்கிற என் புருஷன் சட்டை. பாடை மாதிரி ஏணி. தலைமாட்டில் தாலியறுத்தவள் வேஷம். என் கையால் துவைத்து என் கையாலேயே கொடுத்திருக்கிறேன். முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். விறகு மேல் ஏறிச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பட்டன் ஒன்று தெறித்தது.

கூட்டம் கை தட்டியது. இவனுக்கு ரெண்டாவது பெண்டாட்டி ஒருத்தி இருக்கிறாள், சொத்துக்கு வந்துவிட்டாள் என்று யாரோ சொல்ல, எல்லாரும் இன்னும் சிரித்தார்கள். நான் நடிக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். அக்கார்டியன்காரர் வேகமாக வாசித்தார். நான் அழுதுகொண்டே தமிழில் என்னவோ கத்தினேன். "அவரு சட்டைங்க, அவரு உசிரோட இருக்காருங்க" என்று. மகள் பயந்து வீரிட்டாள். அப்புறம்தான் சிரிப்பு நின்றது.

அங்கிள் கையைத் தூக்கினார். வாத்தியம் நின்றது. மாவு பூசின முகத்தோடு என் பக்கத்தில் வந்தார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வைக்கோல் ஆளின் கைப்பட்டைப் பட்டனை நிதானமாக அவிழ்த்தார். ஒரு கை, அப்புறம் இன்னொரு கை. சட்டையை உதறி, வைக்கோலைத் தட்டி, மடித்து என் கையில் கொடுத்தார்.

ஆறு மணிக்குள் நெருப்பு அணைந்துவிட வேண்டும் என்று ஃபயர் டிபார்ட்மென்ட் கண்டிஷன். சட்டை இல்லாமல் கொளுத்தக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அங்கிள் உள்ளே போய், ஆணியில் மாட்டியிருந்த தன் கோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். காப்பிக்கொட்டை நிறத்தில் தடித்த கோட்டு. ஆன்ட்டி ஓரடி முன்னால் போய் அவர்கள் பாஷையில் சட்டென்று என்னவோ சொன்னார். அவர் சின்னதாக ஒன்று சொன்னார். ஆன்ட்டி நின்றுவிட்டார். கோட்டை மாட்டிவிட்டு, முக்காட்டைச் சரிபண்ணிக்கொண்டு, அவர் மறுபடியும் அழ ஆரம்பித்தார். இந்தத் தடவை யாரும் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. நெருப்பு வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்து நானும் மகளும் தலைக்குக் குளித்தோம். எங்க வீட்டுக்காரரைக் கிழக்குப் பார்த்து உட்காரவைத்து உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். ஸ்மோக் அலாரம் கத்தியது. அவருக்கு அன்றைய இன்டர்வியூவும் போயிருந்தது.

"ஒரு சட்டை. எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகுது. நாளைக்கு அவங்க மூஞ்சியில எப்படி முழிக்கறது?" என்று சத்தம் போட்டார்.

"சட்டை இல்லீங்க. உங்க சட்டைங்க."

அவர் அலாரத்தின் பேட்டரியைக் கழற்றிக்கொண்டே, "நான் ஒண்ணும் ஆகிட மாட்டேன் புள்ள" என்றார்.

மறுநாள் புதன்கிழமை. கதவு தட்டின சத்தம் கேட்டுத் திறந்தால் அங்கிள், நெற்றியில் சாம்பலோடு. பதினாலு படி ஏறினதில் மூச்சு வாங்கியது. உள்ளங்கையை விரித்தார். தெறித்து விழுந்த அந்தப் பட்டன். பார்க்கிங் லாட்டில் ஸ்னோவுக்குள் தேடி எடுத்திருக்கிறார்.

"சாரி அங்கிள், சாரி" என்பதைத் தவிர எனக்கு இங்கிலீஷ் வரவில்லை.

"நோ சாரி, சின்யோரா. நல்ல சட்டை. தைச்சுக் கொடு, போடட்டும்" என்றார். வெயில் அடித்தாலும் குளிர் குறையவில்லை, கோட்டு இல்லாமல் ஸ்வெட்டரில் படியிறங்கிப் போனார்.

பட்டனைத் தைத்தேன். ஆனால் பாடையில் கிடந்த சட்டையை எங்க வீட்டுக்காரர் மேல் போட விடுவேனா? பெட்டி அடியில் வைத்துவிட்டேன்.

சித்திரை பிறந்ததும் எங்க வீட்டுக்காரருக்கு வேலை கிடைத்தது. மூட்டை கட்ட வேண்டியதில்லை என்று ஆயிற்று. அங்கிளிடம் சொன்னபோது அவரைக் கட்டிப்பிடித்து ரெண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். எங்க வீட்டுக்காரர் நெளிந்ததை நினைத்தால் இப்போதுகூட... அந்தக் கோடையில்தான் ஓட்டை வழியாக வருகிற இருமல் மாறிப்போயிற்று. ஈரமாக, அடியிலிருந்து வந்தது. சுக்கு மல்லிக் காப்பி போட்டுக் கீழே கொண்டுபோய்க் கொடுப்பேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பார். ஜூலையில் ஆஸ்பத்திரியில் நுரையீரல் என்று சொல்லிவிட்டார்கள். கல் தூசி.

அரை மணி நேரம் டிரைவ் பண்ணிக் கோயிலுக்குப் போனோம். அவர் பேருக்கு அர்ச்சனை பண்ணச் சொன்னேன். குருக்கள் பேரை மூன்று தரம் கேட்டார். "நட்சத்திரம்?"

"தெரியாதுங்க."

"கோத்திரம்?"

"கொத்து வேலை பண்ணினவருங்க" என்றேன். அவசரத்தில் வாயில் அதுதான் வந்தது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரிம்மா, சுவாமி பேருக்கே பண்ணிடறேன்" என்றார். நான் சாமியிடம் கேட்டது இதுதான்: என் புருஷனைக் கேட்டு வந்தது எதுவோ, நான் மறித்ததால் அந்த மனுஷன் மேல் போய்விட்டது. தெரியாமல் பண்ணிவிட்டேன். அவரை விட்டுவிடு. என் புருஷன் மேலே திருப்பி விடு என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. வாய் வரைக்கும் வந்தது, வரவில்லை.

ஐப்பசியில் அங்கிள் போய்விட்டார்.

அவர்கள் வழக்கப்படி முதல் நாளே பெட்டியில் கிடத்தி எல்லாரும் பார்க்க வைத்திருந்தார்கள். புதுக் கோட்டு போட்டிருந்தது. கையருகில் கடைக்காரன் போட்ட வெள்ளை நூல் தையல்கூடப் பிரிக்காமல் இருந்தது. ஆன்ட்டி அதைப் பார்த்துவிட்டார். குனிந்து பல்லால் கடித்து நூலை இழுத்தார். பக்கத்திலிருந்த ஒரு அம்மாளிடம் இங்கிலீஷில் சொன்னார்: "ஊர்லேருந்து வரும்போது போட்டிருந்த கோட்டோடதான் போவேன்னு சொல்லிட்டிருந்தார். அது கார்னவாலேகூடப் போயிடுச்சு."

அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, நான் அங்கே நிற்பதே தெரியாது.

அதற்கப்புறம் கீழ் வீட்டுக்குப் போகக் கூசியது. சாப்பாடு எடுத்துக்கொண்டு போவேன், வைப்பேன், வந்துவிடுவேன். தரை ஓட்டையில் சத்தமே இல்லை. காலையில் சூடு மட்டும் வரும்.

அடுத்த மாசியில் ஆன்ட்டி படியேறி வந்தார். கறுப்பு உடுப்பு. சமையல்கட்டில் உட்கார்ந்து, நாலாக மடித்த ஒரு காகிதத்தை மேஜை மேல் வைத்தார். அங்கிள் கையெழுத்து. போன வருஷத்து உயில், கராஜைச் சுத்தம் பண்ணும்போது கிடைத்ததாம்.

"நீ அன்னிக்கு நடுவுல ஓடிட்டே. இதைப் படிக்கவே இல்லை" என்று கடைசி வரியில் விரலை வைத்தார். விரலால் தொட்டுத் தொட்டு இங்கிலீஷில் சொன்னார். 'நான் போட்டிருக்கிற இந்தச் சட்டையோடு மேல் வீட்டு எஞ்சினியருடைய கெட்ட வருஷம் எரிந்து போகட்டும். அவனுக்கு ஒரு நாற்காலியும் ஒரு முதலாளியும் எழுதி வைக்கிறேன்.'

ஆன்ட்டி விளக்கிச் சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. அவர்கள் ஊரில் கார்னவாலே யார் சட்டையைப் போட்டு எரிகிறானோ, அந்த வீட்டுப் பீடை அவனோடு போகும். என் சட்டையைப் போடு, என் சட்டையைப் போடு என்று ஆளுக்கு ஆள் சண்டையாம். போன வருஷம் அங்கிள் யாரையும் கேட்காமல், "இந்தத் தடவை எஞ்சினியர்" என்று சொல்லிவிட்டாராம்.

நான் சாவு என்று பிடுங்கினது, அவர் ஆசீர்வாதம் என்று கொடுத்தது. மறுநாள் பட்டனோடு வந்தபோது இதைச் சொல்லியிருக்கலாம். நான் வெட்கப்படுவேன் என்று சொல்லாமல் போயிருக்கிறார்.

"அப்போ கோட்டு எரிஞ்சுதே, அவரு பீடை ஏன் போகலை ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

ஆன்ட்டி காகிதத்தை மறுபடியும் நாலாக மடித்தார். "கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே ரத்தம் வந்துச்சு. என்கிட்டக் காட்டாம கைக்குட்டையை அவரே துவைச்சுக்கிட்டார்" என்றார். நிஜமாக நடந்ததைச் சொன்னாரா, என் மனசு ஆறட்டும் என்று சொன்னாரா, தெரியாது. இருமலை டிசம்பரிலிருந்து நானும் கேட்டேன். அது உண்மை. ஆனாலும் அந்தக் கோட்டை மாட்டிவிட்டது என்னால். அதுவும் உண்மை.

பிறகு, வந்த காரியத்தைச் சொன்னார். "சாவு வீட்டுக்காரங்க ஆடக் கூடாது. ஆனா கார்னவாலேயை நானே கட்டறேன்னு சொல்லியிருக்கேன். அந்தச் சட்டையைக் கொடுக்கறியா? அவர் ஆசைப்பட்டது."

உள்ளே போனேன். பெட்டி அடியிலிருந்து நீலச் சட்டையை எடுத்தேன். எல்லாம் விளங்கிவிட்டது, நல்ல எண்ணம் என்று தெரிந்துவிட்டது, செத்துப்போன மனுஷனுடைய ஆசை. மாரோடு அணைத்துக்கொண்டு சாமி படத்தின் முன்னால் நின்றேன். முடியவில்லை. சட்டையை வைத்துவிட்டு, தம்பிக்கு அனுப்புவதற்கு ஓக் ட்ரீ ரோட்டில் வாங்கி வைத்திருந்த புதுச் சட்டையை எடுத்துக்கொண்டு வந்தேன். குண்டூசிகூடப் பிரிக்காத கோடி.

ஆன்ட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குண்டூசியை ஒவ்வொன்றாக எடுத்து மேஜை மேல் வரிசையாக வைத்தார். "யாரும் போடாத சட்டையில எரிய என்ன இருக்கு?" என்றார்.

நான் குண்டூசிகளைக் கூட்டி எடுக்கப் போனேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ கொடுக்காதே. நானா இருந்தாலும் கொடுக்க மாட்டேன். அன்னிக்கு அவர் கோட்டைக் கழட்டினபோது வேண்டாம்னு வாயால சொன்னேன். வாயாலதான் சொன்னேன். உன்னை மாதிரி விறகு மேல ஏறிப் பிடிச்சு இழுத்திருக்கணும்."

அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதார். பெட்டி முன்னால்கூட அவர் அழுது நான் பார்க்கவில்லை.

அந்த வருஷமும் செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குப் போனேன். எங்க வீட்டுக்காரரும் லீவு போட்டுக்கொண்டு வந்தார். கார்னவாலே பதினோரு படியேறி வந்தான். சட்டை இல்லை, கோட்டு இல்லை. கறுப்புப் பாவாடையும் கறுப்பு முக்காடும். அங்கிள் வேஷத்துக்குப் போட்ட துணியையே ஆன்ட்டி அவனுக்குக் கட்டி அனுப்பியிருந்தார். பின்னால் அழுதுகொண்டு வர ஆள் இல்லை. வேறு யாரும் அந்த வேஷத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். அக்கார்டியன்காரர் வாத்தியத்தை எடுத்து மாட்டிக்கொண்டு, வாசிக்காமலே நின்றார்.

நெருப்பு வைத்தார்கள். துணி நனைந்த மாதிரி கொஞ்ச நேரம் பிடிக்காமல் இருந்து, அப்புறம் முக்காட்டில் ஏறியது. என் பக்கத்தில் நின்றிருந்த ஆன்ட்டி முக்காட்டை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு ஓரடி எடுத்து வைத்தார். இன்னும் ஓரடி. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். இழுத்தார். வயசான உடம்பில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எங்க வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் பிடியை விடவில்லை. முக்காடு எரிந்து முடிகிறவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

விட்டிருக்க வேண்டுமோ என்னவோ.